சாக்லேட் வாசனைக்கு நான்கு பாட்டில்: எட்டு மாதம் பூசிப் பார்த்ததில் தேறியது எது

வீட்டில் பாடி பட்டர், லிப் பாம், சோப்பு செய்கிற பழக்கம் எனக்கு நான்கைந்து வருடமாக உண்டு. லாவெண்டர், ரோஸ்மேரி, ஆரஞ்சு என்று ஒரு சுற்று சுற்றி முடித்துவிட்டு, போன வருடம் சாக்லேட் பக்கம் திரும்பினேன். ஒரே சமயத்தில் நான்கு பாட்டில் வாங்கினேன்: கோகோ அப்சல்யூட், கோகோ சி.ஓ.2 எக்ஸ்ட்ராக்ட், சாக்லேட் பிராக்ரன்ஸ் ஆயில், அப்புறம் "சாக்லேட் எசென்ஷியல் ஆயில்" என்று லேபிள் ஒட்டிய ஒரு மர்மப் பொருள். எட்டு மாதம் கலந்து, பூசி, அரித்து, கொட்டி, மறுபடி கலந்து பார்த்த பிறகு எழுதுகிறேன். கடைகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வாங்குகிற இடம் மாறினால் பாட்டிலுக்குள் இருப்பதும் மாறும். அதனால் எந்த வகை, என்ன கேட்டு வாங்க வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

இந்த வாசனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. லாவெண்டரை அளக்கும்போது எனக்கு ஒரு பயம் இருந்தது, மருந்து மாதிரி பார்த்துப் பார்த்து விடுவேன். சாக்லேட்டை அளக்கும்போது அந்தப் பயம் வரவே இல்லை. தின்கிற பொருள்தானே, அதுவா தோலைக் கெடுக்கப் போகிறது என்று மனசு தானாகச் சொல்லிவிடுகிறது, கை தாராளமாகிவிடுகிறது. எனக்கு நடந்த தப்பெல்லாம் அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

முதலில் அப்சல்யூட், அதாவது கரைப்பானும் ஆல்கஹாலும் வைத்துப் பிரித்தெடுத்த அடர்த்தியான வாசனைச் சாறு. சின்ன பழுப்புக் கண்ணாடி பாட்டில், 5 மில்லி. லேபிளில் தியோப்ரோமா ககாவோ என்ற தாவரப் பெயர், கரைப்பான் வைத்துப் பிரித்தது என்ற குறிப்பு, பேட்ச் எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. தியோப்ரோமா என்றால் தேவர்களின் உணவு என்று பொருள். 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. பாட்டிலைத் திறந்து முகர்ந்தால் தேவர் யாரும் தெரியவில்லை. இனிப்பே இல்லாத, கசந்த, வறுத்த, கொஞ்சம் புகையிலையும் மண்ணும் கலந்த மாதிரி ஒரு கனமான வாசனை. பால் சாக்லேட் மாதிரி இருக்கும் என்று வாங்குகிறவர்கள் இங்கேயே கோபித்துக்கொண்டு ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அவர்கள் எழுதியதை நானும் படித்தேன். பாவம், பாட்டில் மேல் தப்பில்லை. நாம் சாக்லேட் வாசனை என்று நினைப்பதில் பாதி வெனிலாவும் பாலும் சர்க்கரையும்தான். கோகோவின் சொந்த வாசனை, விதையைப் புளிக்கவைத்து வறுக்கும்போது பிறக்கிற பைரசின்கள், ஆல்டிஹைடுகள் என்கிற வாசனைச் சேர்மங்களால் வருவது. பச்சை விதையில் அது இல்லை.

பொருள் தார் மாதிரி. பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் அரை மணி நேரத்துக்கு ஒரு சொட்டு வருமா என்பது சந்தேகம். சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் இளகும். இங்கே ஒரு எச்சரிக்கை. சில கடைகள் அப்சல்யூட்டை ஆல்கஹாலில் கரைத்து விற்கின்றன. அப்படிப்பட்ட பாட்டிலை அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து இறக்கி வேறு இடத்துக்கு எடுத்துப் போய் அதில் வையுங்கள். எதில் கரைத்திருக்கிறது என்பது லேபிளில் இல்லையென்றால் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்த பிரச்சினை, இது எண்ணெயில் ஒழுங்காகக் கரையாது. 30 கிராம் ஜோஜோபா எண்ணெயில் 0.15 கிராம் போட்டேன், அதாவது 0.5 சதவீதம். கலக்கும்போது அழகாகக் கரைந்த மாதிரி தெரிந்தது. மறுநாள் காலையில் அடியில் கறுப்புப் பொடி. கோகோவிலிருந்து ஆல்கஹால் இழுத்து வந்த பொருள்கள் எல்லாமே எண்ணெயோடு சேர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. நான் செய்கிற வழி இது: முதலில் கொஞ்சம் விளக்கெண்ணெயில் வெதுவெதுப்பாகக் குழைத்துக்கொண்டு, அதை மற்ற எண்ணெயில் சேர்த்து, இரண்டு நாள் அப்படியே விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுவது. வாசனையில் பெரும்பகுதி எண்ணெயில் தங்கிவிடுகிறது, கசடு துணியில் நிற்கிறது. வடிகட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்றால், பாட்டிலின் கடைசி ஸ்பூனில் மொத்த அப்சல்யூட்டும் குவிந்து கிடக்கும். மேலே இருக்கிற எண்ணெயில் 0.3 சதவீதம், அடியில் இருப்பதில் எத்தனை என்று யாருக்குத் தெரியும். நீங்கள் கணக்குப் போட்டு அளந்ததெல்லாம் வீண்.

நிறம் ஒட்டும். தலையணை உறை ஒன்று போயே போய்விட்டது. அதைத் தவிர அப்சல்யூட் மேல் எனக்குப் புகார் இல்லை. வாசனை தோலில் நின்று பேசும், ஆரஞ்சோடு சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஆரஞ்சு சேர்த்தால் மொத்த வாசனைப் பொருளையும் கூட்டித்தான் சதவீதம் பார்க்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். ஐந்துக்கு நான்கு.

சி.ஓ.2 எக்ஸ்ட்ராக்ட் எனக்கு மிகவும் பிடித்தது, இதைச் சொல்வதில் தயக்கமில்லை. கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கு மேல், சுமார் 74 பார் அழுத்தத்துக்கு மேல் கொண்டுபோனால் அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் ஒரு நடு நிலைக்குப் போய்விடும். அந்த நிலையில் அது நல்ல கரைப்பான். வேலை முடிந்து அழுத்தத்தை எடுத்துவிட்டால் வாயுவாகப் பறந்துவிடும், பொருளில் தங்காது. கரைப்பான் மிச்சம் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இந்த வகை நிம்மதி. கையில் கிடைப்பது பழுப்பு மெழுகு மாதிரி ஒரு களிம்பு, அதில் நிறைய கோகோ பட்டரே இருக்கிறது. அதனால் எண்ணெயில் சண்டை போடாமல் கரைகிறது. வாசனை, வறுத்த கோகோ விதையை அப்போதுதான் உடைத்த மாதிரி. ஆனால் மெல்லியது. நீங்கள் பூசிக்கொண்டால் உங்களுக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

அந்த மென்மைதான் ஆபத்தும். "இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன" என்று கேட்க வைக்கும். மூக்கு சில நிமிடத்திலேயே எந்த வாசனைக்கும் பழகிவிடும், கிண்ணத்துக்கு மேல் குனிந்து கலக்கிக்கொண்டே இருக்கும் உங்களுக்கு அது குறைவாகத்தான் தெரியும். கலந்து முடித்துவிட்டு அறையை விட்டு வெளியே போய் கால் மணி நேரம் கழித்து வந்து முகர்ந்து பாருங்கள், போட்டது போதும் என்று புரியும்.

சரி, இப்போது பிராக்ரன்ஸ் ஆயில். இதைப் பலர் கேவலமாகப் பேசுவார்கள், செயற்கை, ரசாயனம் என்று. எனக்கு அந்தக் கட்சியில் சேர விருப்பமில்லை. என் நான்கு பாட்டிலில் முழுமையான காகிதங்களோடு வந்தது இது ஒன்றுதான். பாதுகாப்புத் தகவல் தாள், ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருள்களின் பட்டியல், இஃப்ரா சான்று மூன்றும் கேட்காமலே வந்தன. இஃப்ரா என்பது 1973-இல் தொடங்கிய சர்வதேச வாசனைத் தொழில் அமைப்பு. எந்த வகைப் பொருளில் ஒரு வாசனைப் பொருளை அதிகபட்சம் எத்தனை சதவீதம் வரை போடலாம் என்று வரம்பு வைக்கிறார்கள். உதட்டுக்குப் போடுவது 1-ஆம் வகை, உடம்புக்கான லோஷன் 5ஏ, முகத்துக்கு 5பி, குழந்தைகளுக்கு 5டி, கழுவிவிடுகிற சோப்பு 9, மெழுகுவர்த்தி 12. என் பாட்டிலின் சான்றில் சோப்புக்கு 5 சதவீதம் வரை, லோஷனுக்கு 1.2 சதவீதம், உதட்டுக்குப் பூஜ்யம். அதே பாட்டில், அதே வாசனை. லிப் பாமில் ஒரு சொட்டுகூடப் போடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அந்தக் காகிதம் இல்லாமல் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு லிப் பாமில்தான் முதலில் ஊற்றியிருப்பேன், சாக்லேட் லிப் பாம் ஆசையில்தான் இந்த வேலையையே தொடங்கினேன்.

இன்னொன்று, அந்த 5 சதவீதம் என்பது இதற்கு மேல் போகாதே என்கிற கோடு. அவ்வளவு போடு என்கிற சமையல் குறிப்பு கிடையாது. சோப்பில் நான் 2 சதவீதம் போட்டேன், குளியலறை முழுக்க மணக்கிறது. வரம்புக்குள் இருந்தால் யாருக்கும் ஒவ்வாமை வராது என்கிற உத்தரவாதமும் அதில் இல்லை. பொதுவாக எல்லாருக்கும் ஆபத்தைக் குறைக்கிற கணக்கு அது, உங்கள் தோலை அதற்குத் தெரியாது.

வாசனை எப்படி? கேக் வேகும்போது வருகிற மாதிரி, முழுக்க இனிப்பு. சிலருக்குத் திகட்டும். வெனிலாவுக்கு அதன் மணத்தைத் தருகிற வெனிலின் நிறைய. வெனிலின் இருந்தால் நிறம் மாறும், இதை யாரும் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். அச்சிலிருந்து எடுத்த அன்று வெண்ணெய் நிறத்தில் இருந்த சோப்பு, மூன்றாவது வாரம் கரும்பழுப்பு. சோப்புக்கு அது அழகுதான், சாக்லேட் சோப்பு சாக்லேட் நிறத்தில் இருக்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள், நானும் திட்டம் போட்டுச் செய்த மாதிரி தலையாட்டிக்கொண்டேன். வெள்ளை லோஷன் மட்டும் கெட்டுப்போன பால் மாதிரி மஞ்சளாகிவிட்டது. கெடவில்லை, நிறம்தான். இருந்தாலும் யாரும் தொடவில்லை. சோப்புக்கு ஐந்துக்கு நான்கு, லோஷனுக்கு இரண்டு, லிப் பாமுக்குப் பேச்சே இல்லை.

நான்காவது பாட்டில் கதை சுருக்கமானது. தண்ணீர் மாதிரி தெளிந்த எண்ணெய், மிட்டாய் வாசனை, "100 சதவீதம் இயற்கையான சாக்லேட் எசென்ஷியல் ஆயில், எல்லாத் தோலுக்கும் ஏற்றது". தாவரப் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை. எசென்ஷியல் ஆயில் என்றால் ஆவியில் வடிப்பது, அல்லது ஆரஞ்சுத் தோல் மாதிரி பிழிவது. கோகோவை அப்படி வடித்துப் பாட்டிலில் விற்பது வழக்கத்தில் இல்லை. கிடைப்பது அப்சல்யூட், சி.ஓ.2 சாறு, இல்லையென்றால் செயற்கை வாசனை, இவ்வளவுதான். கடைக்கு எழுதி இஃப்ரா சான்று கேட்டேன். "எங்கள் பொருள் இயற்கையானது, சான்று தேவையில்லை" என்று பதில் வந்தது. இயற்கையானதற்கும் வரம்பு உண்டு, எலுமிச்சை எண்ணெய்க்குக்கூட உண்டு. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். இப்போது அந்தப் பாட்டில் செருப்பு அலமாரியில் ஒரு பஞ்சுத் துண்டோடு குடித்தனம் நடத்துகிறது. பூஜ்யம்.

கேக்குக்குப் போடுகிற சாக்லேட் எசென்ஸைப் போடலாமா என்று என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒருமுறை முயன்றேன். அது பெரும்பாலும் தண்ணீர், ஆல்கஹால் அல்லது புரொப்பிலீன் கிளைக்காலில் கரைத்தது. மெழுகும் எண்ணெயும் கலந்த லிப் பாமில் அது கலக்காது, பழுப்பு முத்துகளாகத் தனித்தனியே நிற்கும். உதட்டில் அந்த முத்து படுகிற இடத்தில் சுர்ரென்று எரிந்தது. அதைவிட முக்கியம், தின்னலாம் என்றால் பூசலாம் என்று அர்த்தமில்லை. லவங்கப்பட்டையை எத்தனையோ சமையலில் போடுகிறோம், அதே பட்டையின் எண்ணெய் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்குவதில் முன்வரிசையில் நிற்கும். வயிறு ஏற்றுக்கொள்வதைத் தோல் ஏற்க வேண்டும் என்று சட்டமில்லை. லிப் பாமுக்கு வேண்டுமென்றால் எண்ணெயில் கரைகிற, உதட்டுப் பொருளுக்கென்று எழுத்தில் சொல்லி விற்கிற சுவைப் பொருள்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் 1-ஆம் வகை வரம்பைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது என் தப்பு. முதல் மாதம், அப்சல்யூட் கையில் வந்த உற்சாகத்தில், முகத்துக்கு ஒரு க்ரீம் கலந்தேன். தராசு எடுக்கச் சோம்பல், சொட்டுக் கணக்கு. ஒரு சொட்டு விட்டு முகர்வது, போதவில்லை என்று இன்னொன்று. தார் மாதிரி பொருளில் ஒரு சொட்டு என்பது ஒரு அளவே இல்லை, ஒருமுறை கடுகு போல விழும், அடுத்தது பட்டாணி போல விழும். பின்னால் பாட்டிலை நிறுத்துப் பார்த்து உத்தேசமாகக் கணக்குப் போட்டதில் 3 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. முகத்துக்கு நான் இப்போது வைத்திருக்கிற அளவு 0.3. பத்து மடங்கு! மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை, அதனால் தைரியம் வந்து கழுத்துக்கும் பூசினேன். நான்காம் நாள் காதுக்குக் கீழே அரிப்பு, ஐந்தாம் நாள் சிவந்து சொரசொரப்பாகத் தடித்தது. நிறுத்தினேன், வாசனையில்லாத சாதாரண க்ரீம் மட்டும் தடவினேன், அடங்குவதற்கு பத்து நாள் ஆனது.

அது எரிச்சலா ஒவ்வாமையா என்று கண்டுபிடிக்கத்தான் தோல் மருத்துவரிடம் போனேன். இரண்டும் வேறு. அளவு மிஞ்சியதால் தோல் எரிந்தால், அளவைக் குறைத்தால் தீர்ந்துவிடும். ஒவ்வாமை என்றால் உடம்பின் எதிர்ப்பு மண்டலம் அந்தப் பொருளை எதிரி என்று மனப்பாடம் செய்துகொண்டுவிட்டது, அதற்குப் பிறகு துளி பட்டாலும் கிளம்பும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. எனக்கு முதல் வகை என்று தெரிந்தது. இரண்டாவது என்றால் இந்த விமர்சனமே இருந்திருக்காது. பெரு பால்சம் என்கிற மரப் பிசினுக்கு ஒவ்வாமை இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்கள் சாக்லேட், வெனிலா வாசனை விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும், வாசனைப் பொருள் ஒவ்வாமை உள்ளவர்களைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் பயன்படுத்துகிற பொருள்களில் அது ஒன்று.

பேட்ச் டெஸ்ட் பற்றி எல்லாரும் ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள், "பூசி 24 மணி நேரம் பாருங்கள்" என்று. எனக்கு நான்காம் நாள் வந்தது, 24 மணி நேரம் எனக்கு என்ன செய்திருக்கும்? ஏற்கெனவே ஒவ்வாமை இருப்பவர்களுக்குக்கூட அது தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதனால் இப்போது செய்வது: கலந்து முடித்த பொருளை முழங்கையின் உள்பக்கம், ஒரே இடத்தில், காலையும் மாலையும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் தடவுவது. கழுவிவிடுகிற பொருளைக் கழுவிவிட வேண்டும், தோலில் அப்படியே காயவிட்டால் எந்தச் சோப்பானாலும் எரியும். சாற்றை நேராக, கலக்காமல் தோலில் வைத்துச் சோதிக்கவே கூடாது. அது சோதனை இல்லை, வம்பை விலைக்கு வாங்குவது.

அளவு கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: முகம் 0.3, உடம்பு 0.5, அதிகம் போனால் 1, கழுவிவிடுகிற சோப்பு 2, சான்று இதைவிடக் குறைவாகச் சொன்னால் சான்று சொல்வது. குழந்தைகளுக்குச் செய்வதில் எதுவுமே போடுவதில்லை. 0.01 கிராம் வரை காட்டுகிற சின்ன தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த நான்கு பாட்டிலை விட எனக்கு அதிகம் உழைத்தது அதுதான்.

நான் வழக்கமாகச் செய்கிற பாடி பட்டர் இது. 100 கிராமுக்கு கோகோ பட்டர் 30, ஷியா பட்டர் 30, சூரியகாந்தி எண்ணெய் 39.5, சி.ஓ.2 எக்ஸ்ட்ராக்ட் 0.5. சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்கி, இறக்கி, தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக, 40 டிகிரி பக்கம் வந்த பிறகு எக்ஸ்ட்ராக்ட். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும், அது போதவில்லை என்று மறுபடி நீங்கள் கூட்டுவீர்கள், பழைய கதைதான். கலந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் ஆறவிடுங்கள். மெதுவாக ஆறினால் மணல் மணலாக ஆகும். கோகோ பட்டர் ஆறு விதமாகப் படிகமாகும், ஆறுகிற வேகத்தைப் பொறுத்து எது உருவாகும் என்பது மாறும், சாக்லேட் செய்கிறவர்கள் படாதபாடு படுவதும் அதனால்தான். மணலானது கெட்டதில்லை, உருக்கி மறுபடி ஆறவைத்தால் சரியாகிவிடும்.

உண்மையில், சுத்திகரிக்காத கோகோ பட்டர் வாங்கினால் அதிலேயே சாக்லேட் வாசனை இருக்கிறது. எக்ஸ்ட்ராக்ட் எதுவும் போடாமலே பாதி ஆசை தீர்ந்துவிடும். வாசனை நீக்கியது என்று லேபிளில் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். தோல் சட்டென்று கோபித்துக்கொள்கிறவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நான் தங்கைக்குச் செய்து கொடுப்பது அது மட்டும்தான். பரு வருகிற முகத்துக்குக் கோகோ பட்டர் வேண்டாம், துளையடைக்கும் பொருள்களுக்கான பழைய 0 முதல் 5 வரையிலான அளவுகோலில் அதற்கு 4 கொடுத்திருக்கிறார்கள். அந்த அளவுகோல் முயல் காதில் செய்த சோதனையில் வந்தது, வேதவாக்கு இல்லை, ஆனால் என் நெற்றி அதை வழிமொழிகிறது.

தண்ணீர் சேர்கிற பொருள் என்றால் தனி எச்சரிக்கை. கோகோ தூளும் பன்னீரும் சேர்த்து ஒரு லோஷன் செய்தேன், பிரிசர்வேட்டிவ் போடவில்லை, வைட்டமின் ஈ போட்டோமே என்று இருந்துவிட்டேன். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், கிருமியை ஒன்றும் செய்யாது. ஆறாம் நாள் மூடிக்குள் பஞ்சு பூத்திருந்தது. பயமுறுத்தியது அந்தப் பஞ்சில்லை, அதற்கு முந்தைய நாள் வரை நான் அதைப் பூசிக்கொண்டிருந்ததுதான். கெட்ட வாடை ஏதாவது வந்திருந்தால் தெரிந்திருக்கும், சாக்லேட் வாசனை எல்லாவற்றையும் மூடிவிட்டது. தண்ணீர் இருந்தால் முறையான பிரிசர்வேட்டிவ் சொன்ன அளவில் வேண்டும், இல்லையென்றால் அன்றன்றைக்குக் கலந்து அன்றே மிச்சத்தைக் கொட்டுங்கள். கோகோ தூளைப் பொறுத்தவரை முகப் பேக்கோடு நிறுத்திக்கொள்வேன்.

லிப் பாம் ஆசை கடைசியில் என்ன ஆயிற்று? சுத்திகரிக்காத கோகோ பட்டர், தேன்மெழுகு, எண்ணெய், அவ்வளவுதான், வாசனை தானாக வந்தது. உதட்டில் போடுவது வயிற்றுக்குள் போகும் என்று நினைத்துத்தான் செய்ய வேண்டும். அதோடு சாக்லேட் மணந்தால் நாக்கு சும்மா இருக்காது, நக்கிக்கொண்டே இருப்போம், நக்கினால் உதடு இன்னும் காயும், மறுபடி பூசுவோம். முதலில் செய்த, வாசனை தூக்கலான லிப் பாமில் எனக்கு உதட்டைச் சுற்றி வறண்டதுதான் மிச்சம். இப்போதைய மெல்லிய வாசனையில் அந்தத் தொல்லை இல்லை.

குழந்தைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். சாக்லேட் அச்சு ஒன்று வீட்டில் இருந்தது, சதுரம் சதுரமாக. பாடி பட்டரில் தேன்மெழுகு கூட்டிக் கட்டியாக்கி அதில் வார்த்தேன், அச்சு அசல் சாக்லேட். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். அன்று மாலை அக்காவின் மகன், ஆறு வயது, ஒரு சதுரத்தைக் கடித்துவிட்டு "சித்தி, இந்த சாக்லேட் நல்லாவே இல்ல" என்று வந்து நின்றான். மெழுகும் எண்ணெயும் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. பிராக்ரன்ஸ் ஆயில் போட்டது என்றால்? ஐரோப்பாவில் 1987-லேயே, தின்பண்டம் மாதிரி தோற்றமும் மணமும் இருந்து குழந்தைகள் வாயில் வைத்து ஆபத்தாகக்கூடிய பொருள்களை விற்கக் கூடாது என்று விதி போட்டுவிட்டார்கள். நான் அதை இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் படித்தேன். அச்சு இப்போது வட்டம், பழுப்பு டப்பா, மேலே பெரிதாக "பூசுவதற்கு" என்று எழுத்து. நாய் வளர்க்கிறவர்களும் கவனிக்க: கோகோவில் தியோப்ரோமின் இருக்கிறது, அது நாய்க்கு விஷம். கோகோ தூள் கலந்த பேக், மிச்சக் கிண்ணம், பூசிய கை, எதையும் நக்க விடாதீர்கள்.

பரிசாகக் கொடுக்கும்போது உள்ளே இருப்பதை எல்லாம், வாசனைப் பொருள் உட்பட, ஒரு சீட்டில் எழுதி, செய்த தேதியும் போட்டுக் கொடுங்கள். "சாக்லேட் க்ரீம்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் வாங்குகிறவர் என் மாதிரியே அது தின்பண்டத்துக்குத் தங்கை என்று நினைத்துக்கொள்வார்.

எட்டு மாதம் கழித்து என் அலமாரி நிலவரம்: சி.ஓ.2 எக்ஸ்ட்ராக்ட் தீர்ந்துவிட்டது, இன்னொன்று சொல்லியிருக்கிறேன். பிராக்ரன்ஸ் ஆயில் சோப்புக்கு மட்டும், மேல் தட்டில், சான்றை மடித்து ரப்பர் பேண்டால் பாட்டிலோடு கட்டி வைத்திருக்கிறேன். அப்சல்யூட் 5 மில்லியில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. அந்த முதல் க்ரீம் ஒன்றிலேயே ஒரு கிராமுக்கு மேல் காலி செய்யாமல் இருந்திருந்தால் இன்னும் நிறைய இருந்திருக்கும்.